தடுப்பூசி அட்டை இல்லாவிட்டால் பள்ளியில் இடம் கிடையாதா?

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மகளின் தடுப்பூசி அட்டையும் அதோடு போய்விட்டது. இப்போது அவளுக்கு ஆறரை வயது. இரண்டாம் வகுப்புக்கு வேறொரு தனியார் பள்ளியில் கேட்டால், “அட்டை இல்லாமல் சேர்க்க முடியாது, அதுதான் சட்டம்” என்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் உண்டா? ஐந்து வயதில் போட வேண்டிய ஊசியை நாங்கள் போடவில்லை.

பதில்: இல்லை அம்மா. தடுப்பூசி போட்டால்தான் பள்ளியில் சேர்க்கலாம் என்று நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் கிடையாது. பெரியம்மைக்காக வெள்ளைக்காரன் காலத்தில் வந்த 1880ஆம் ஆண்டுச் சட்டத்தைக்கூட 2001இல் நீக்கிவிட்டார்கள்.

யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போடக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அது கொரோனா தடுப்பூசி வழக்கு. பொதுச் சுகாதாரத்துக்காக நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. பாதித் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போகாதீர்கள்.

உங்களுக்கு உதவுவது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். மகளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டதால் அது அவளுக்குப் பொருந்தும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகக்கூடப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப அது இடம் தரவில்லை. அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறுவதை அது உரிமையாகவே தருகிறது. சிக்கல் எங்கே என்றால், உதவி பெறாத தனியார் பள்ளியை அந்த மாறுதல் பிரிவு விட்டுவிடுகிறது. வழக்குப் போடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். அதற்குள் உங்கள் மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்திருப்பாள்.

அதனால் முதலில் ஊசி வேலையை முடியுங்கள். விட்டுப்போனது முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் மூன்றுக்குமானது) இரண்டாவது ஊக்கத் தவணை, அதாவது பூஸ்டர். அரசுத் திட்டத்தில் ஏழு வயதுக்குள்தான் அதைப் போடுவார்கள். உங்களுக்கு ஆறு மாதம்கூட முழுதாக இல்லை. புதன்கிழமை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண்ணோடு (அரசின் தாய்-சேய் பதிவு எண்) போங்கள். பழைய பதிவு இருந்தால் செவிலியர் தேடிப் பார்த்துப் புது அட்டையில் எழுதித் தருவார். பதிவே கிடைக்காத ஊசிகளை மறுபடி போடுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இடது தோளில் இருக்கும் தழும்பைக் காட்டி “எல்லாம் போட்டாச்சு சார்” என்று என்னிடமே வாதாடியவர்கள் உண்டு. அது காசநோய்க்கான பிசிஜி ஊசிக்கு மட்டும்தான் சாட்சி!

அப்புறம் பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அட்டை வெள்ளத்தில் போனது, இன்ன தேதியில் ஊசி போட்டது, சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று மூன்று வரி போதும். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பெரும்பாலும் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் அந்த நகலோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம்.

புது அட்டையைக் கையோடு போனில் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.