மைனஸ் 14 பவர், கண்ணில் புரை: எந்த லென்ஸ் வைப்பது?

கேள்வி: வயது 56, தையல் தொழில். சிறு வயதிலிருந்தே கண்ணாடி. இரண்டு கண்ணும் மைனஸ் 14. வலது கண்ணில் புரை. மல்டிஃபோகல் லென்ஸ் வைத்தால் இனி கண்ணாடியே வேண்டாம், பேக்கேஜ் 90 ஆயிரம், இந்த வாரமே கட்டினால் சலுகை என்கிறார் மருத்துவமனை கவுன்சலர். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், அம்மா. சலுகைக்கு நாள் குறித்துக் கண்ணை அறுக்கும் அவசரம் புரையில் கிடையாது. முதலில் கண்ணுக்கு மருந்து விட்டு ரெட்டினாவை, அதாவது கண்ணின் உட்புறப் பின்சுவரிலுள்ள விழித்திரையை, ஓரம் வரை பார்த்தார்களா என்று கேளுங்கள். சாதாரணக் கண்ணின் நீளம் 23.5 மி.மீ. அளவு, உங்களுடையது 28, 29 வரை போயிருக்கும். அந்த நீளத்துக்கு இழுபட்டு ரெட்டினா மெலிந்திருக்கும். ஓரத்தில் ஓட்டை இருந்தால் லேசர் தேவையா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

மல்டிஃபோகல் லென்ஸ் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போட்டுத் தருவது. மெலிந்த ரெட்டினாவுக்கு அந்தப் பங்கு போதாது. இரவு விளக்கைச் சுற்றி வளையமும் தெரியும். உங்களுக்கு ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் சாதாரண மோனோஃபோகல் லென்ஸே நல்லது. விலை கூடிய லென்ஸ் என்றால் பார்வையும் கூடும் என்று நம்ப வைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை. லென்ஸைப் பற்றி மருத்துவர் பேச வேண்டும், பில் போடுகிறவர் அல்ல.

இன்னொன்று, யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். கண்ணாடியைக் கழற்றி, ஊசியை மூக்குக்கருகே கொண்டுபோய் நூல் கோர்ப்பவர்தானே நீங்கள்? தூரம் பளிச்சென்று தெரியும்படி லென்ஸ் வைத்தால் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் பார்க்கும் அந்த வசதி போய்விடும். மைனஸ் 2.5 மிச்சம் வைக்கச் சொன்னால் 40 செ.மீ.யில் துணி தெளிவாகத் தெரியும். தூரத்துக்கு மட்டும் மெல்லிய கண்ணாடி போதும். இதைப் பேசி எழுதி வாங்குங்கள்.

லென்ஸின் பவரைக் கணக்கிடக் கண்ணை அளவெடுப்பது ஒளியால் அளக்கும் பயோமெட்ரியாக இருக்கட்டும். நீளக் கண்ணின் பின்சுவர் பிதுங்கியிருந்தால் ஒலியால் அளக்கும் ஏ-ஸ்கேன் தவறாகக் காட்டலாம். புரை நன்றாக முற்றிவிட்டால் ஒளி உள்ளே போகாது. அதனால் 'முற்றட்டும்' என்று வருடக்கணக்கில் விடவும் வேண்டாம்.

மைனஸ் பவரைப் போக்க முன்பு லாசிக் (கருவிழியை லேசரால் சீர்செய்வது) செய்துகொண்டவர்களுக்கு மட்டும் கணக்கே வேறு. 'லேசர்தானே, ஆபரேஷன் இல்லையே' என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 20 வருடம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். கருவிழியின் வளைவு மாறியிருப்பதால் வழக்கமான கணக்கைப் போட்டால் பிளஸ் பவரில் போய் நிற்கும். அதற்குத் தனிக் கணக்கு உண்டு. பழைய சீட்டு கிடைத்தால் கையோடு கொண்டுபோங்கள். சீட்டு இல்லாவிட்டாலும் வாயால் சொல்லுங்கள்.

வலது கண் முடிந்ததும் இடது கண் மைனஸ் 14-லேயே நிற்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு கண்ணாடி ஒத்துவராது. படி இறங்கும்போது கால் தடுமாறும். இடது கண்ணுக்கு கான்டாக்ட் லென்ஸ், இல்லையென்றால் சில வாரங்களில் அதற்கும் ஆபரேஷன். ஆகவே இரண்டு கண்ணின் செலவையும் இப்போதே கேளுங்கள். பல மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் புரைக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறது. பாலிசியை விற்கும்போது அதை வாய் திறந்து சொல்வதில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு, மாதங்கள் கழித்தானாலும், கண்ணுக்குள் மின்னல் வெட்டினால், திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டினால், ஓரத்தில் திரை விழுந்தால் ரெட்டினா விலகுகிறது என்று சந்தேகப்படுங்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமையானாலும் அன்றைக்கே ரெட்டினா மருத்துவரிடம் போங்கள்.