மூன்று வாரம் கடந்த கரகரப்பு

வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்: காது, மூக்கு, தொண்டை
(எழுதியவர்களின் பெயர்கள் அவர்களது விருப்பப்படி தவிர்க்கப்பட்டுள்ளன.)

கேள்வி: எனது கணவருக்கு 54 வயது. விடியற்காலையில் கரைக்கு வரும் மீனை ஏலம் கூறி விற்பது அவரது தொழில். இளமை முதல் சிகரெட் பிடிப்பவர். இரண்டு மாதங்களாக அவரது குரல் கரகரத்தபடியே இருக்கிறது. மருந்துக்கடையில் இருமல் பாணியும் இரண்டு தடவை அன்ரிபயோட்டிக்கும் வாங்கிக் குடித்தார். "ஏலத்திலே கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு, நோ இல்லைத்தானே" என்று வைத்தியசாலைக்கு வர மறுக்கிறார். கட்டாயம் காட்ட வேண்டுமா? – வாசகி, திருக்கடலூர்

பதில்: கட்டாயம் காட்ட வேண்டும், அதுவும் இந்த வாரத்திலேயே. சளி, காய்ச்சலோடு வரும் குரலடைப்பு பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தானாகவே தெளிந்துவிடும்; அதற்குக் காரணம் பொதுவாக வைரசு என்பதால் அன்ரிபயோட்டிக் அதில் எதையும் சாதிப்பதில்லை. மூன்று வாரம் கடந்தும் கரகரப்பு நீங்காவிட்டால், குறிப்பாகப் புகைப்பவர் ஒருவருக்கு, குரல்நாண்களை நேரில் பார்க்காமல் எந்த மருந்தையும் தொடர்வது சரியன்று. நோவில்லை என்று அவர் கூறுவது எனக்கு ஆறுதல் தரவில்லை. குரல்வளைப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. ஆனால் குரல்நாணில் தோன்றும் புற்று, சிறிதாக இருக்கும்போதே குரலை மாற்றிக் காட்டிவிடுகிறது. அந்த நாண்களில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதால் அது கழுத்துக்குப் பரவவும் காலம் எடுக்கிறது. அந்த நிலையில் கண்டுபிடித்தால் கதிர்வீச்சினாலோ லேசர் சத்திரசிகிச்சையினாலோ நோயைக் குணப்படுத்திப் பேச்சையும் காப்பாற்ற முடிகிறது என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

பரிசோதனையைப் பற்றிய பயமும் அவருக்கு இருக்கலாம். மூக்கினுள் மரத்துப்போகும் மருந்தை விசிறிவிட்டு, மெல்லிய, வளையக்கூடிய குழாய்க் கமரா ஒன்றை மூக்கின் வழியே தொண்டைக்குள் இறக்கி, "ஈ" என்று சொல்லச் சொல்வார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மயக்க மருந்து தேவையில்லை. (உயிரோடிருக்கும் மனிதரின் குரல்நாண் அசைவதைக் கண்ணாடி கொண்டு தெளிவாகக் கண்டு அறிவித்தவர் வைத்தியர் அல்லர், மனுவல் கார்சியா என்னும் பாட்டு ஆசிரியர். 1854இல் அவர் தமது தொண்டையையே பார்த்தார்.) அங்கே தெரிவது, ஓயாமல் உரத்துப் பேசுவோருக்கு வரும் சிறு தடிப்பாகவும் இருக்கலாம்; இரைப்பை அமிலம் மேலெழுந்து வந்ததால் ஏற்பட்ட வீக்கமாகவும் இருக்கலாம்; காசநோயாகவும் இருக்கலாம். ஒரு நாண் அசையாமல் நின்றால் நெஞ்சையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். இடப்பக்கக் குரல் நரம்பு கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் இறங்கி, பெருநாடியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறி வருவதால், சுவாசப்பையில் உள்ள கட்டி ஒன்று குரலைக் கெடுக்கக்கூடும். சந்தேகத்துக்குரிய தடிப்புத் தெரிந்தால் மாத்திரமே, மயக்க மருந்து கொடுத்து, அதிலிருந்து சிறு துண்டெடுத்துப் பயொப்சிக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

அதுவரை சிகரெட்டை நிறுத்தட்டும். ஏலத்தை வேறொருவர் கூறட்டும். குரலுக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணிக் கிசுகிசுத்துப் பேசுபவர்கள் உண்டு. அது நாண்களுக்கு ஓய்வாகாது, மெதுவாக இயல்பான குரலில் பேசுவதே நல்லது. மூச்சை உள்ளிழுக்கும்போது சீறல் சத்தம் கேட்டால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல், உடனே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கேள்வி: 24 வயதான எனது மகளுக்குக் கழுத்தின் முன்பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருக்கிறது. எச்சில் விழுங்கும்போது அதுவும் மேலே ஏறி இறங்குகிறது. ஊசி குத்திப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். குத்தினால் பரவிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். அயடீன் உப்பைக் கூட்டிக் கொடுத்தால் கரையாதா? – வாசகர், கிண்ணியா

பதில்: விழுங்கும்போது ஏறி இறங்குவதால் அது பெரும்பாலும் தைரொயிட் சுரப்பியைச் சேர்ந்தது. அச்சுரப்பி மூச்சுக்குழாயோடும் குரல்வளையோடும் ஒட்டியிருப்பதால் அவற்றுடன் சேர்ந்து அசைகிறது. இத்தகைய கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. முதலில், தைரொயிட் சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் ரி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை, பின்னர் அல்ட்ராசவுண்ட் ஸ்கான். அதில் கட்டியின் தோற்றத்தையும் அளவையும் பார்த்துத்தான் ஊசிப் பரிசோதனை தேவையா என்று தீர்மானிப்பார்கள். அந்த ஊசி இரத்தம் எடுக்கும் ஊசியைவிடத் தடித்ததன்று, அதனால் நோய் பரவுவது மிக மிக அரிது. அந்த அச்சத்தினால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து. உப்பைக் கூட்ட வேண்டாம். எமது நாட்டில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்க்கப்பட்டு வருகிறது. அதற்கு மேல் கூட்டினால் கட்டி கரையாது, இரத்த அழுத்தம்தான் கூடும்.

கழுத்தின் பக்கவாட்டில் தோன்றும் கட்டிகளின் கதை வேறு. இளவயதினருக்கு அவை தொண்டை அழற்சியாலோ, பழையவர்கள் கண்டமாலை என்ற காசநோயாலோ வரலாம். காசநோய்க்கு அரசாங்கத்தின் மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம், பொதுவாக ஆறு மாதம் தவறாமல் எடுக்க வேண்டும். நாற்பது கடந்தவருக்கு, நோவில்லாத, கல்போன்ற கட்டி ஒன்று பக்கக் கழுத்தில் வந்தால், அதை உடனே வெட்டி எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அக்கட்டியைத் தோற்றுவித்த புற்று வாயிலோ, நாக்கின் அடியிலோ, மூக்கின் பின்புறத்திலோ ஒளிந்திருக்கலாம். அவ்விடங்களைப் பார்த்து, கட்டியை ஊசியால் சோதித்த பின்னரே கத்தியைப் பற்றி யோசிக்க வேண்டும். முந்திக்கொண்டு வெட்டினால் பின்னால் வரும் சிகிச்சை சிக்கலாகிவிடும்.

கேள்வி: மீன் முள் சிக்கினால் சோற்றுருண்டை விழுங்குவது சரியா? – வாசகர், நிலாவெளி

பதில்: சரியன்று. சாளை, சூடை போன்ற முள் மிகுந்த மீன்களின் சிறு முட்கள் பெரும்பாலும் தொண்டைச் சதையிலோ நாக்கின் அடியிலோ குத்தி நிற்கும். விளக்கும் இடுக்கியும் கொண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம். சோற்றுருண்டையோ வாழைப்பழமோ விழுங்கினால் முள் இன்னும் ஆழமாக ஏறக்கூடும். சில மீன்களின் முள் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், படம் சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பக் கூடாது. எச்சில் விழுங்க முடியாமை, நெஞ்சு நோ, காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்தாலும் இரவென்று பாராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: எனது அம்மாவுக்கு 62 வயது. புகையிலை சேர்க்காமல் வெற்றிலை போடுபவர். அண்மைக் காலமாகக் கறியில் சிறிது உறைப்பிருந்தாலும் வாய் எரிகிறது என்கிறார். வாயையும் முழுதாகத் திறக்க முடியவில்லை. புகையிலை இல்லைத்தானே, பயப்பட வேண்டுமா? – வாசகர், தம்பலகாமம்

பதில்: புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு இருக்கிறது. பாக்கே தனித்துப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2003இல் கூடி முடிவு செய்தது. வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களில் முன்னணியில் நிற்பதற்கு வெற்றிலைப் பழக்கம் பெரும் காரணம். பெண்களையும் அது விட்டுவைப்பதில்லை. நீங்கள் எழுதியவை இரண்டும், பாக்கினால் கன்னத்தின் உட்தோல் நார்போல் இறுகும் நோயின் அடையாளங்கள். அம்மாவின் மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கிடையே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் வாய் குறுகிவிட்டது என்று கொள்ளலாம்.

இறுகியதைப் பழையபடி இளக்கும் மருந்து இல்லை. பாக்கை நிறுத்தி, வாய் திறக்கும் பயிற்சியைத் தொடர்ந்தால் மேலும் இறுகுவதைப் பெருமளவு தடுக்கலாம். இந்த நோயுள்ள வாயில் பிற்காலத்தில் புற்று தோன்றக்கூடும் என்பதால், நிறுத்திய பிறகும் பல் வைத்தியரிடம் தவணை தவறாமல் காட்ட வேண்டும். வாயினுள் தோன்றும் வெள்ளைப் படையைவிடச் சிவப்புப் படை கூடுதலாகச் சந்தேகத்துக்குரியது. மூன்று வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் பயொப்சி தேவை. அம்மா பொய்ப்பல் அணிபவராயின், பரிசோதனையின்போது அதைக் கழற்றச் சொல்லுங்கள். படை அதன் அடியிலும் மறைந்திருக்கக்கூடும்.