டீச்சரும் அம்மாச்சியும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

என் அம்மாச்சி போன மாதக் கடைசியில் காலமானார். 91 வயது. ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களில் தொடக்கப்பள்ளி டீச்சராக இருந்து 1992ல் ஓய்வு பெற்றவர். மூன்றாம் வகுப்பு அவரிடமே படித்தேன். வகுப்பில் வாய் தவறி ‘அம்மாச்சி’ என்றால் அடி விழும். சாவுக்கு வந்த மீனவர்களும் பாசி எடுக்கும் பெண்களும் கதறி அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பொறாமைதான் வந்தது. அவர்களுக்குக் கிடைத்த டீச்சர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. முப்பதாம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறோம், நீதான் எழுத வேண்டும் என்கிறார் மாமா. ‘புயல் வருடம் டி.சி. இல்லாமல் வந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார், கரையில் வலை இழுத்த பையன்களைப் பள்ளிக்குக் கூட்டிவந்தார்’ என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. இவ்வளவு நீண்ட வாழ்க்கையை எப்படி எழுதுவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

எழுதிய அந்த ஒரு வரியையே பிரித்து எழுதுங்களேன்.

1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடிப் புயல். கடலில் போன ரயிலைப் பற்றி எழுதாதவர் கிடையாது. அதற்குப் பிறகு வந்த ஜனவரி, பிப்ரவரியைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. தனுஷ்கோடி இனிக் குடியிருக்கத் தகுதியில்லாத ஊர் என்றாகிவிட்டது, தப்பியவர்கள் ஒதுங்கிய இடங்களில் குடிசை போட்டார்கள், பிள்ளைகள் அங்கங்கே பள்ளிக்கு வந்தார்கள். படித்த பள்ளியே இல்லாதபோது டி.சி. யாரிடம் வாங்குவது? ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி என்று ஒரு கட்டம் உண்டு, அதைக் காலியாக விட முடியாது. ‘எப்பம்மா பொறந்தான்?’ என்று கேட்டால், கச்சான் காத்து அடிச்ச மாசம், இவனுக்கு மூத்தவ அப்ப நடந்துக்கிட்டிருந்தா என்பது மாதிரி ஏதாவது பதில் வந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு முப்பது வயது டீச்சர் ஒருவர் தன் பேனாவால் ஒரு தேதியை எழுதியிருக்கிறார். நம் பக்கத்துப் பெரியவர்களில் இத்தனை பேர் ஜூன் மாதம் பிறந்தது வேறு எப்படி? ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. என் சான்றிதழிலும் ஜூன்தான், அம்மா என்னவோ கடைசிவரை ஐப்பசி அடைமழையில் பெற்றதாகத்தான் சொன்னார். அந்தத் தேதியை வைத்துத்தான் அப்புறம் வேலை, ஓய்வூதியம், முதியோர் உதவித்தொகை எல்லாம். அழுதவர்களில் யாருக்கெல்லாம் உங்கள் அம்மாச்சி தேதி போட்டார் என்று கேளுங்கள். தப்பாகப் போட்டதால் ஒரு வருடம் நஷ்டப்பட்டவர் யாராவது இருந்தால் அவரை விடவே விடாதீர்கள்.

கரைவலை விஷயமும் இப்படித்தான். கயிறு பிடித்த பையனுக்குக் கறிக்கு நாலு மீன் கிடைக்கும், அன்றைக்கு அந்த வீட்டுக் குழம்பு அது. அவனைக் கூட்டிக்கொண்டு போன டீச்சரை அவன் அம்மா கும்பிட்டிருக்க மாட்டார். மண்ணை வாரித் தூற்றியிருப்பார். 1956ல் காமராசர் மதிய உணவு கொண்டுவந்த பிறகு டீச்சரிடம் சொல்ல ஒரு பதில் இருந்தது, மத்தியானம் சோறு இருக்கு, அனுப்பு என்று. அதற்கு முன்பே வேலையில் சேர்ந்தவர் என்றால் என்ன சொல்லிக் கூப்பிட்டார்? யாரும் வராத நாட்களில் என்ன செய்தார்? மலரில் அது வர வேண்டும், அவருடைய தோல்வியும்கூட.

உங்கள் பொறாமையையும் எழுதுங்கள். மாமா அந்த வரியை வெட்டிவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். டீச்சர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தக் குறை உண்டு. அந்தக் காலத்து ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் வாய்ப்பாடு, மறுபக்கம் பாட்டு என்று நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவருக்குச் சாயங்காலம் தொண்டையே இருக்காது. வீட்டில் அவரைப் பேசாத மனுஷி என்று நீங்கள் நினைத்திருந்தால், அதில் பாதி அதுவாக இருக்கலாம். மீதிப் பாதி நிஜமாகவே பேசாத மனுஷியாகவும் இருக்கலாம், அதற்கு நாம் சப்பைக்கட்டு கட்ட வேண்டியதில்லை.

ஆனால் கடிதத்தில் ஒன்று இடிக்கிறது. 1992ல் ஓய்வு பெற்றவர் அதற்கு மேல் முப்பது வருடத்துக்கும் அதிகமாக இருந்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு சொல் இல்லையே! பள்ளிக்கூடம் இல்லை, மணி இல்லை, அடிக்கவும் ஆள் இல்லை. காலை ஒன்பது மணிக்கு அவர் என்ன செய்தார்? யாரோடு சண்டை, எந்தச் சீரியல், உங்கள் கல்யாணப் பத்திரிகையில் சந்திப்பிழை திருத்தினாரா, பென்ஷன் பணத்தை எங்கே ஒளித்துவைத்தார்? இதெல்லாம் அழுதவர்களுக்குத் தெரியாது. டீச்சரைப் பற்றி அவர்கள் சொல்லட்டும். இந்த முப்பது வருடம் உங்கள் பங்கு.

முப்பதாம் நாளுக்குள் இது முடியாது. வருட நினைவுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கடலுக்குப் போகிற பழைய மாணவர்கள் வலை பின்னிக்கொண்டு கரையிலேயே இருப்பார்கள். அப்போது போனால் உட்கார்ந்து பேசுவார்கள். கல்விக்கண் திறந்தவர், ஏற்றிவிட்ட ஏணி எல்லாம் மாமா எழுதும் முன்னுரைக்கு இருக்கட்டும், அவருக்கும் ஏதாவது வேண்டுமே.

அன்புடன்.