மோதிரம் கெட்டியாக இருந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: ஜனவரியில் எனக்குச் சர்ச்சில் கல்யாணம். அவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். தங்கம் விற்கிற விலையில் ஆளுக்கு அரைப் பவுன் மோதிரம் என்பது எங்களால் முடியாத காரியம். டங்ஸ்டன் மோதிரம் மலிவு, கீறலே விழாது என்கிறாள் தோழி. வீட்டிலோ தங்கம்தான் வேண்டும் என்கிறார்கள். என்ன வாங்கலாம்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தோழி சொல்வது உண்மைதான், அந்த மோதிரம் செய்கிற டங்ஸ்டன் கார்பைடில் லேசில் கீறல் விழாது. ஆனால் கீறல் விழாதது எல்லாம் உடையாதது என்று நினைத்துவிடாதீர்கள். கை நழுவிக் கிரானைட் தரையில் விழுந்தால் அது கண்ணாடி வளையல் மாதிரி தெறித்துப் போகலாம். அளவையும் மாற்றவே முடியாது. பிள்ளைப்பேறு சமயத்தில் விரல் வீங்கும், வயது ஏற ஏற உடம்பு போடும், அப்போது மோதிரம் பெட்டிக்குள்தான் கிடக்கும். டைட்டானியம் உடையாது, கையில் போட்டிருப்பதே தெரியாத அளவுக்கு லேசு. ஆனால் அதையும் நம் ஊர் ஆசாரி யாரும் பற்றவைத்துத் தர மாட்டார்.

என் அம்மாவின் மோதிரம் 22 காரட். முப்பது வருடம் பாத்திரம் தேய்த்ததில் உள்ளங்கைப் பக்கம் நூல் மாதிரி ஆகிவிட்டது. ஆசாரி அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்து மெருகு போட்டுக் கொடுத்தார், ஒட்டு எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தினமும் போடுகிற மோதிரத்துக்கு இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன், தேய்ந்தால் சரிசெய்ய முடிய வேண்டும்.

அதனால் 14 காரட் கேட்டுப் பாருங்கள். 2 கிராம் மோதிரத்தில் 22 காரட் என்றால் சுத்தத் தங்கம் 1.83 கிராம், 14 காரட்டில் 1.17 கிராம்தான். விலை அந்த அளவுக்கு இறங்கும், மற்ற உலோகம் கூடுதலாகச் சேர்வதால் தேய்மானமும் குறைவு. நிறம் கொஞ்சம் மங்கல்தான், மஞ்சள் பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். உள்பக்கம் 14K585 என்ற ஹால்மார்க் முத்திரையும் ஹெச்யூஐடி என்கிற, அந்த நகைக்கே உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடும் இருக்க வேண்டும், அந்தக் குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் விவரம் வந்துவிடும். கல் பதிக்காமல், வேலைப்பாடு இல்லாமல் வாங்கினால் செய்கூலி, சேதாரமும் குறையும். இதுவும் கைக்கு எட்டவில்லை என்றால் 316எல் என்கிற ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான், கருக்காது, அளவு சரியில்லை என்றால் வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பாதிரியார் மந்திரிக்கப் போகிற மோதிரம் எந்த உலோகமாக இருந்தாலும் மோதிரம்தான், இதை வீட்டில் தைரியமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லேத்தில் நிற்கும்போது அவர் எந்த மோதிரமும் போடவே கூடாது, சுற்றுகிற மெஷினில் மாட்டினால் விரலே போய்விடும். சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போடுவதும் அதே ஆபத்துதான். கழற்றி டிபன் பையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு கிராம் தங்க மோதிரம் தினசரி போடத் தாங்குமா?
- வாசகர், தேனி

பதில்: தாங்காது. அது மேல்பூச்சுதான். சோப்பும் வியர்வையும் பட்டுப் பட்டுச் சில மாதத்தில் உள்ளே இருக்கும் செம்போ பித்தளையோ எட்டிப் பார்க்கும், விசேஷத்துக்கு மட்டும் போடுங்கள்.