நடக்கும் உருவத்துக்குச் சேலை: துணி சிமுலேஷன் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பிளெண்டரில் (முப்பரிமாண அசைவூட்ட மென்பொருள்) சேலை கட்டிய பெண் நடந்து வரும் காட்சி. முதல் ஃபிரேமிலேயே துணி வெடித்துச் சிதறுகிறது. டென்ஷன் (இழுவிறைப்பு), டேம்பிங் (அசைவுத் தணிப்பு) எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

பதில்: அந்த இரண்டையும் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடுங்கள், கோளாறு அங்கே இல்லை. தொடக்கத்திலேயே வெடித்தால், துணி உடம்புக்குள்ளோ தனக்குள்ளோ புதைந்து கிடக்கிறது என்று அர்த்தம். சேலையில் பெரும்பாலும் கொசுவம்தான் காரணம். ஏழு மடிப்பு வைத்தால் 14 அடுக்கு, நடுவே 13 இடைவெளி. செல்ஃப் கொலிஷன் தூரம் (துணி தன்னோடு மோதாமல் காக்கும் இடைவெளி) இயல்பாக 0.015, அதாவது 15 மி.மீ. அப்படியானால் கொசுவத்துக்கு மட்டும் 19.5 செ.மீ. கனம் வேண்டும், இடுப்பில் அதற்கு ஏது இடம்? தூரத்தை 0.003 ஆக்குங்கள், 4 செ.மீ.க்குள் அடங்கும். மாடல் செய்யும்போதே அடுக்குகளுக்கு நடுவே 3 மி.மீ.க்குக் குறையாமல் விடுங்கள். கொசுவத்தின் மேல் விளிம்பை ‘பின் குரூப்’பில் (pin group, ஊசி குத்தியதுபோல் நிலைநிறுத்தும் புள்ளிகள்) சேர்த்து இடுப்போடு நகரவிடுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால், உடம்புக்கும் துணிக்கும் ஸ்கேலை அப்ளை செய்து 1 ஆக்கிவிடுங்கள். ஸ்கேல் 1 ஆக இல்லாவிட்டால் இந்த எண்களை நம்பவே முடியாது.

கேள்வி: மோஷன் கேப்ச்சர் (நிஜ மனிதரிடம் பதிவுசெய்த அசைவு) போட்டதும் சேலை உடம்பை விட்டு விலகிவிடுகிறது.

பதில்: சேலை கட்டியது நேராக நிற்கும் உடம்பில், கேப்ச்சரின் முதல் ஃபிரேமிலோ ஒரு கால் முன்னே நிற்கும். அசைவை 50 ஃபிரேம் பின்னால் தள்ளுங்கள். முதல் 20 ஃபிரேம் துணி படிந்து அடங்க, அடுத்த 30 நின்ற நிலையிலிருந்து நடைக்கு மெல்ல மாற. ரெண்டரில் அந்த 50 வேண்டாம். கேஷ் (துணிக் கணக்கின் சேமிப்பு) மட்டும் 1ஆம் ஃபிரேமிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: வீசும் கை முந்தானையைத் துளைத்துக்கொண்டு போகிறதே?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். கை விநாடிக்கு 2.4 மீட்டர் போகிறது என்றால், 24 ஃபிரேமில் ஒரு ஃபிரேமுக்கு 10 செ.மீ. குவாலிட்டி ஸ்டெப்ஸ் (ஒரு ஃபிரேமைப் பிரித்துக் கணக்கிடும் படிகள்) 5 என்றால் ஒரு படிக்கு 2 செ.மீ. மோதலைக் கவனிக்கும் தூரத்தை 5 மி.மீ.க்குக் குறைத்திருந்தால், கை ஒரே தாவலில் மறுபக்கம் போய்விடும். ஸ்டெப்ஸை 20 ஆக்கினால் தாவல் அரை செ.மீ.தான். நேரம் கூடும், அதைத் தாங்கத்தான் வேண்டும்.

கேள்வி: அப்படியானால் தூரத்தைக் குறைக்காமலே விடலாமே?

பதில்: விட்டால் சேலை உடம்பில் ஒட்டாமல் மிதக்கும். துணியின் 0.015, உடம்பின் வெளித்தடிப்பு 0.02, இரண்டும் கூடி 3.5 செ.மீ. இடைவெளி. இரண்டையும் 0.003 அளவுக்கு இறக்குங்கள்.

கேள்வி: மெஷ்ஷை (துணியின் வலை வடிவத்தை) ஒருமுறை சப்டிவைட் செய்ததும் (ஒவ்வொரு கட்டத்தையும் நான்காகப் பிரித்ததும்) துணி ரப்பர் போலத் தொங்குகிறது.

பதில்: எடை ஒவ்வொரு வெர்டெக்ஸுக்கும் (மெஷ் புள்ளிக்கும்) தனித்தனி. புள்ளிகள் நான்கு மடங்கானால் சேலையின் எடையும் நான்கு மடங்கு. 0.3ஐ 0.075 ஆக்குங்கள்.

கேள்வி: காஞ்சிபுரம் பட்டுக்கு சில்க் பிரீசெட் (தயார் அமைப்பு) போதுமா?

பதில்: போதாது. அதில் பெண்டிங் (மடங்க மறுக்கும் விறைப்பு) 0.05தான், மெல்லிய பட்டுக்கு அது சரி. பட்டுச் சேலைக்கு காட்டன் பிரீசெட்டில் தொடங்குங்கள், பெண்டிங் 0.5. ஜரிகைக் கரைக்குத் தனி வெர்டெக்ஸ் குரூப் வைத்து, பிராப்பர்ட்டி வெயிட்ஸில் மேக்ஸ் பெண்டிங்கை 5 வரை ஏற்றுங்கள். கால் எட்டி வைக்கும்போது சேலையின் உடல் பகுதி குழைந்து மடங்கும். கரை மட்டும் முறுக்காக நின்று, ஒரு கணம் பிந்தித்தான் கணுக்காலில் திரும்பி விழும். பார்ப்பவர் கண்ணுக்கு அது பட்டு என்று தெரிவது அந்த இடத்தில்தான். டெக்ஸ்சரில் எவ்வளவு பளபளப்பு சேர்த்தாலும் அது வராது.

கேள்வி: அக்குளில் துணி சிக்கி நடுங்குகிறது.

பதில்: அங்கே கையும் விலாவும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கும். இரண்டு பக்கமும் தள்ளினால் துணி எங்கே போகும்? மேல்கையை 3, 4 டிகிரி விலக்குங்கள். முடியாவிட்டால் மோதலுக்கென்று தனி உடம்பு ஒன்றை நகலெடுத்து, அக்குளை மட்டும் ஒடுக்கிவிடுங்கள்; காட்டும் உடம்பு அப்படியே இருக்கட்டும். அந்த நகலுக்கு நுணுக்கமான மெஷ் தேவையில்லை. எஸ்எம்பிஎல் (SMPL) என்ற முப்பரிமாண மனித உடல் மாதிரியில் 6,890 புள்ளிகள்தான், மோதலுக்கு அது தாராளம்.

கேள்வி: மாடிஃபயர் (மெஷ்மேல் வரிசையாகச் செயல்படும் மாற்றங்கள்) வரிசை?

பதில்: உடம்பில் ஆர்மெச்சர் (அசைக்கும் எலும்புக்கூடு), பிறகு கொலிஷன் (மோதல்). சேலையில் ஆர்மெச்சர், கிளாத் (துணிக் கணக்கு), சாலிடிஃபை (கனம்), சப்டிவிஷன். கனம் கொடுப்பது எப்போதும் கிளாத்துக்குப் பிறகுதான்.