பதினோரு பேருக்கு மறைத்த ஜோக்

கேள்வி: எனக்கு 27 வயது. பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி, வேலை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஐ.டி. கம்பெனியில். சனி, ஞாயிறுகளில் நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை பக்கம் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிறேன். ஜீவா ஸ்டேஷன் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் என் அம்மா, கடன் சொல்பவர்களைத் திட்டுவது போலப் பேசிக் காட்டுவேன். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். அந்த வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்தேன். வீட்டு ஆட்கள், ஏரியா பசங்க என்று ஒரு பதினோரு பேருக்குத் தெரியாதபடிதான் வைத்தேன், எப்படியோ தங்கை பார்த்துவிட்டாள். 'அம்மாவை வித்து கைதட்டு வாங்குறியா' என்று கேட்டவள் மூன்று வாரமாகப் பேசவில்லை. வர்க்கம், அடையாளம் பற்றியெல்லாம் காமெடியில் பேசுவது தப்பா? என் ஏரியாவைப் பற்றி நான் பேசாமல் வேறு யார் பேசுவது? வீட்டில் இதை எப்படிப் புரியவைப்பது?

- பெயர் வேண்டாம், சென்னை-39

பதில்: தம்பி, வர்க்கம், அடையாளம் எல்லாம் அப்புறம். முதலில் அந்தப் பதினோரு பேர் யார் யார் என்று சொல்.

போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய், எனக்கு அதைத் தாண்ட முடியவில்லை. வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு ஸ்டேட்டஸை மறைப்பது கை தவறி நடக்கிற காரியமா? செட்டிங்ஸுக்குள் போய், பெயர்ப் பட்டியலைத் தள்ளித் தள்ளி, ஒவ்வொருவராகத் தேடி டிக் போட வேண்டும். 'அம்மா' பட்டியலில் மேலேயே இருந்திருப்பார், தேடக்கூட வேண்டியிருந்திருக்காது. அப்புறம் தங்கை, சித்தப்பா, கூட கேரம் ஆடின பசங்க. பதினோராவது பெயர் வரைக்கும் உன் விரலுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, இப்போது என்னிடம் வந்து 'தப்பா' என்று கேட்கிறாய். உன் மேனேஜருக்கு மறைக்கவில்லை, கவனித்தாயா?

மேனேஜரைப் பற்றி நீ மேடையில் பேசுகிற அந்தச் செட்டில் ஒரு ஜோக்காவது இருக்கிறதா? இருக்காது. அவர் நினைத்தால் வேலை போய்விடும். அம்மா உன்னை வேலையை விட்டுத் தூக்க மாட்டார், சனிக்கிழமை ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் தட்டு போட்டுத்தான் வைப்பார்.

நான் ஒன்றும் யோக்கியம் இல்லை. புளியந்தோப்பில் வளர்ந்தவள், அப்பா பின்னி மில் தொழிலாளி. கல்லூரியில் சேர்ந்த புதிதில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அதற்குள் நானே முந்திக்கொண்டு, 'இன்னாமே' என்று பாட்டி மாதிரி பேசிக் காட்ட ஆரம்பித்தேன், நாலு சிநேகிதிகள் கிடைத்தார்கள். ஒருநாள் நான் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போக, பாட்டி தூக்குவாளியோடு கேட்டுக்கே வந்துவிட்டாள். அந்தப் பெண்கள் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டு 'இன்னா பாட்டி, சோறு துன்னியா' என்று அவள் குரலிலேயே கேட்டார்கள். நான் சொல்லிக்கொடுத்த குரல். பாட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. 'எம்மாம் பாசமா பேசுதுங்க பாரு' என்று மடியிலிருந்த முறுக்கை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். அவர்கள் வாங்கித் தின்றார்கள். நாற்பது வருஷம் ஆகிறது, எனக்கு முறுக்கு இறங்காது.

நீ பேசுகிற மெட்ராஸ் பாஷையைக் கேவலம் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. கலீஜும் பேஜாரும் உருது வழியாக வந்தவை. கஸ்மாலம் சமஸ்கிருதம், பகவத் கீதை இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியிலேயே இருக்கிறது, போய்ப் பார். ஆனால் நம் சினிமா இந்தப் பாஷையை ரிக்‌ஷாக்காரனுக்கும் ஜேப்படிக்காரனுக்கும்தான் கொடுத்தது, ஹீரோவுக்குச் சுத்தத் தமிழை வைத்துக்கொண்டது. சினிமாவில் இதைப் பேசிப் பேர் வாங்கிய சந்திரபாபுவே தூத்துக்குடிக்காரர். இத்தனை வருஷம் கழித்து ஏரியாக்காரன் ஒருவன் கையில் மைக் கிடைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நீயும் அதே ரிக்‌ஷாக்காரனைத்தான் காட்டுவேன் என்றால் எனக்குக் கோபம் வருமா வராதா?

கோட்டைக்கு உள்ளே வெள்ளைக்காரன் இருந்த இடத்தை ஒயிட் டவுன் என்றார்கள், வெளியே வடக்கே நம்மாட்கள் இருந்ததை பிளாக் டவுன் என்றார்கள். 1911-ல் ராஜா பேரை வைத்து அதை ஜார்ஜ் டவுன் ஆக்கினார்கள். போர்டுதான் மாறியது. சாதியை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இன்றைக்கும் 'நீங்க எந்த ஏரியா' என்றுதானே கேட்கிறார்கள்? நீயும் ஆபீசில் 'பெரம்பூர் பக்கம்' என்று சமாளித்திருப்பாய், சத்தியம் பண்ணு பார்க்கலாம். அந்தக் கேள்வியை, அதைக் கேட்கிற முகத்தை நடித்துக் காட்டு. முன்வரிசையில் அதே முகங்கள் உட்கார்ந்திருக்கும்.

1949-ல் 'நல்லதம்பி' படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் கிந்தனார் காலட்சேபம் பண்ணினார். நந்தனார் கதையை அப்படியே திருப்பிப்போட்டார். நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான் என்றால் கிந்தன் படிக்கப் பட்டணம் போகிறான், சாதி பார்க்காமல் எல்லாரையும் ஒன்றாக ஏற்றிக்கொள்கிற ரயிலில் போகிறான், படித்து அதிகாரியாகத் திரும்புகிறான். காலட்சேபம் பண்ணுகிற பாகவதர் மாதிரியே பாடிக்கொண்டு, தீண்டாமையைப் போட்டு உரித்தார். அந்தச் சிரிப்பில் அடிபட்டது கிந்தனைத் தடுத்தவன். உன் ஜோக்கில் அடிபடுவது யார்? விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து மாவைக் கலக்குகிற ஒரு பொம்பளை.

யார் எத்தனை இட்லி கடன் என்று நோட்டே இல்லாமல் மனசில் வைத்திருப்பாரே, திட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவாரே, அதெல்லாம் உன் செட்டில் எங்கே? ஒரு மழைக்கே கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று ஏரியா முடங்குகிறதே, அன்றைக்குக் கடையில் நின்றபடி அவர் யாரைத் திட்டுகிறார் என்று காது கொடுத்துக் கேட்டாயா? ஜோக் அங்கேதான் மிதக்கிறது. நீ சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

'வீட்டில் எப்படிப் புரியவைப்பது' என்கிறாய். புரியாதவன் நீ. உன் தங்கைக்கு ஒரே வரியில் புரிந்துவிட்டது. பெற்றவளை வைத்துச் சம்பாதிக்கிற பிள்ளை அவளிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. கலை, சுதந்திரம் என்று யார் வந்து சொன்னாலும் சரி.

முதலில் தங்கையிடம் போ, அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து. விளக்கம் எதுவும் கொடுக்காதே, மன்னிப்பு மட்டும் கேள். அப்புறம் ராத்திரி கடையைக் கழுவி மூடினதும் அம்மாவை அந்த பெஞ்சிலேயே உட்காரவைத்து முழு செட்டையும் செய்து காட்டு, ஒரு வார்த்தை குறைக்காமல், அதே குரலில். கேரம் பசங்களையும் கூப்பிடு. எந்த இடத்தில் உனக்குக் குரல் எழும்பவில்லையோ அதை வெட்டிவிடு. அம்மா எந்த இடத்தில் சிரித்தார் என்று எனக்கு எழுது.