கெயாருக்குப் போன பிள்ளை

கேள்வி: லண்டனில் இருக்கிற சித்தி, "பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கவுன்சில் 'இன்டு கெயார்' எடுத்திட்டுது" என்று வாட்ஸப்பில் சொன்னா. குரலில் பெரிய கவலை. அம்மாவோ, "அரசாங்கமே பார்த்தால் நல்லதுதானே" என்கிறா. எது சரி?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சித்தி கவலைப்பட்டது சரிதான், மகள். 'டேக்கன் இன்டு கெயார்' என்றால், பிள்ளையின் பொறுப்பைக் கவுன்சில், அதாவது அங்குள்ள உள்ளூராட்சிச் சபை, ஏற்று, வேறிடத்தில் வளர்க்கக் கொண்டுபோய்விட்டது என்று அர்த்தம். அந்த வீட்டில் அடியோ, போதையோ, கவனிப்பில்லாமையோ ஏதோ இருந்திருக்கலாம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் இருக்கிறது. பிள்ளைக்குப் பெருந்தீங்கு நேர்கிறது, அல்லது நேரக்கூடும் என்று கண்டால் நீதிமன்றம் பராமரிப்புக் கட்டளை இடலாம். இடையில் நீக்காவிட்டால் 18 வயதுவரை அது செல்லும். தாய் தகப்பனின் பொறுப்பு அற்றுப்போவதில்லை. ஆனால் கவுன்சில் சொல்வதுதான் எடுபடும். பெற்றோர் சம்மதித்துத் தாங்களே ஒப்படைக்கிற வழியும் உண்டு.

நம் பக்கம் 'பிள்ளையை ஹோமில விட்டிருக்கு' என்போமே, அதுவென்று நினைக்கவேண்டாம். அங்கே பெரும்பாலான பிள்ளைகள் வளர்ப்புக் குடும்பங்களில்தான். அம்மம்மாவிடமும் விடுவார்கள். தாய் குவைத்துக்கு வேலைக்குப் போக, பிள்ளை வாழைச்சேனையில் அம்மம்மாவோடு வளர்ந்தால் அது வீட்டு ஏற்பாடு. அங்கே கட்டளைப்படி கவுன்சில் கொண்டுபோய் அம்மம்மா வீட்டில் விட்டால், பிள்ளை 'இன் கெயார்'.

இங்கும் சட்டம் இல்லாமல் இல்லை. நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்த காலத்தில், நன்னடத்தை அலுவலர் பிள்ளையை நீதவான் முன் கொண்டுவருவார். 1939ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி 'தகுந்த ஆள்' ஒருவரிடம் ஒப்படைக்கலாம். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தத் தகுந்த ஆளாக வந்து நிற்பது அநேகமாக ஒரு பெரியம்மா. "பிள்ளையை ஒழுங்காகப் பார்ப்பீர்களா?" என்று நீதவான் கேட்டதைத் தமிழில் சொல்வேன். "பார்க்காமப் பின்ன?" என்று என்னிடமே பாய்வார். அதை நீதவானுக்கு எப்படி மொழிபெயர்ப்பது, சொல்லுங்கள்!

'க்ரூ அப் இன் கெயார்' என்றால் கவுன்சில் பொறுப்பில் வளர்ந்தவர். வளர்ந்து வெளியே வந்தவர் 'கெயார் லீவர்'. மறுகா, 'கெயார் ஹோம்' என்று கேட்டால் பதறவேண்டாம். அது பெரும்பாலும் வயோதிபர்கள் இருக்கிற இடம்.

அம்மா சித்திக்குக் கைதட்டும் இமோஜி ஏதும் அனுப்பியிருந்தால், உடனே அழிக்கச் சொல்லுங்கள்.